கெட்டிமேளம் இல்லாத கலியாணம்

கலியாண வீட்டில் ஐயருக்கு அடுத்த அதிகாரி வீடியோக்காரன்தான். சந்தேகம் இருந்தால் ஒஸ்லோவில் நடக்கிற எந்தத் தமிழ்க் கலியாணத்துக்காவது போய்ப் பாருங்கள். மாப்பிள்ளை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், மாமிமார் எங்கே நிற்கக் கூடாது, தாலியை எவ்வளவு நேரம் உயர்த்திப் பிடிக்க வேண்டும், எல்லாம் நான் சொல்வதுதான். ஒருமுறை மாப்பிள்ளைத் தோழன் தலையை நீட்டித் தாலியை மறைத்துவிட்டான். "தம்பி, இன்னொருக்கா கட்டுற மாதிரிப் பிடியும்" என்றேன். மாப்பிள்ளை பிடித்தார். ஐயர் முறைத்தார். முறைக்கட்டுமே! அவர் மந்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். யாழ்ப்பாணத்தில் கசெற்றைப் போட்டுப் பார்க்கப்போகிற தாய்க்கு யார் பதில் சொல்வது?

என் பெயர் சச்சிதானந்தன். சனி, ஞாயிறில் 'சச்சி வீடியோ'. மற்ற நாட்களில் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறேன். நோயாளியை வார்டிலிருந்து எக்ஸ்ரேக்கும், எக்ஸ்ரேயிலிருந்து வார்டுக்கும் கொண்டுபோய் விடுகிற வேலை. வீடு ஹவுகன்ஸ்டுவாவில். மனைவி ராசமலர் எனக்கு லைட் பிடிப்பவள். பதினேழு வருஷமாகப் பிடிக்கிறாள், பதினேழு வருஷமாக என்னிடம் ஏச்சும் வாங்குகிறாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அவளுக்கு அது பழகிப்போய்விட்டது.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். கலியாணத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மந்திரம் போகும். அவ்வளவு நேரமும் பொம்பிளை மாப்பிள்ளையையே எடுத்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் நித்திரையாகிவிடுவார்கள். ஆகவே நான் சேலைகளை எடுப்பேன், சங்கிலிகளை எடுப்பேன், ஓடித்திரிகிற குஞ்சுகுருமான்களை எடுப்பேன். காது மட்டும் தவிலில் இருக்கும். ஐயர் கையைத் தூக்க, கெட்டிமேளம் கொட்டும். கண் பார்ப்பதற்கு முதலே என் கை மணவறைப் பக்கம் திரும்பிவிடும். மேளகாரர் கிடைக்காத மண்டபங்களில் சீடியில் போடுவார்கள். அதுவும் போதும். பதினேழு வருஷத்தில் ஒரு தாலிகூட எனக்குத் தப்பியதில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஜூன் மாதம்தான் தப்பியது. அது தாலியும் இல்லை.

ஹெர்மன் நெஞ்சு வார்டில் இருந்தார். வயது எழுபத்தொன்று. முன்பு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மூன்று கிழமையாக அவருடைய கட்டிலை நான்தான் தள்ளினேன். லிஃப்ட்டில் நிற்கும்போது கதைப்போம். அவர் யூதர் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில், ஆறு வயதில், காட்டுக்குள்ளால் நடந்து சுவீடனுக்குத் தப்பிப் போனவர். நானும் இரவிரவாக நடந்து கடல் கடந்தவன்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு உறவு வந்துவிட்டது. நோர்வே மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். தமிழில் எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது, அதனால் மரியாதை போட்டே எழுதுகிறேன்.

அவருக்கு மனைவி இல்லை. ஒரேயொரு மகள், மிரியம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கலியாணம். இந்த மனிதர் கட்டிலை விட்டு இறங்க முடியாதவர், மூக்கில் ஒட்சிசன் குழாயோடு படுத்திருப்பவர்.

"கலியாணத்தை இஞ்சை, உங்கடை கட்டிலடியிலை வைக்கச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"வேண்டாம், சச்சி. கலியாணத்தை நினைக்கிற நேரமெல்லாம் அவளுக்கு இந்தக் குழாய் ஞாபகத்துக்கு வரக்கூடாது. வானத்துக்குக் கீழை நடக்கட்டும். குறிச்ச நாளைத் தள்ளிவைக்கிறதும் எங்களிட்டை இல்லை."

"அப்ப நான் வீடியோ எடுத்துக்கொண்டு வாறன்."

அவர் என் கையைப் பிடித்தார். "சாப்பாடு, டான்ஸ் எல்லாம் எனக்கு வேண்டாம். அவன் மோதிரம் போடேக்கை அவளின்ரை முகம். அதை மட்டும் பாத்திட்டால் போதும்."

அன்றைக்கு வார்டில் பொறுப்பாக நின்ற நர்ஸ் ராகவி, எங்களுடைய தமிழ்ப் பிள்ளைதான். மோர்டென்ஸ்ருட்டில் வளர்ந்தவள். நான் கட்டிலைக் கொண்டுவந்து விட்டபோது என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் மெல்லச் சொன்னாள்: "அங்கிள், அவருக்கு இனி நாள் கணக்குத்தான். ஞாயிற்றுக்கிழமையே கொண்டுவந்து காட்டுங்கோ. திங்கள் எண்டு வையாதேங்கோ."

நான் திரும்பிப்போய் ஹெர்மனிடம் ஞாயிறு பின்னேரம் ஆறு மணி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஊருக்கு அனுப்ப வழியில்லாமல், சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்ததால், அந்த வருஷக் கசெற்றுகள் ஏழு என் அலுமாரியில் கிடந்தன. ஏழு தாய்மார் பார்க்காத ஏழு கலியாணங்கள். இதையாவது ஒரு தகப்பன் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஹெர்மனுடைய தங்கையின் வீடு நூர்ஸ்ட்ராண்டில், கடல் தெரிகிற சரிவில் இருந்தது. ஞாயிறு இரண்டு மணிக்கே நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம். நல்ல வெயில். பின்வளவில் கதிரைகள் போட்டிருந்தன. கதிரைகளுக்கு முன்னால் புல்லில் நாலு தடிகள் கிடந்தன. வெள்ளைப் பட்டையோடு வெட்டின பேர்ச் மரத்தடிகள்.

"மணவறைக்காரன் இன்னும் வரேல்லைப் போலை" என்றேன்.

ராசமலர் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தாள். "அதுதான் மணவறையாம், அப்பா."

"எது?"

"அந்தத் தடியள்தான். மேலை ஒரு சால்வையைக் கட்டுவினமாம். 'ஹூப்பா' எண்டு சொல்லுகினம்."

"என்னப்பா இது! எங்கடை ஜெயரத்தினத்தார் மணவறை கொண்டுவர மூண்டு வான் வேணும். ரெண்டு மயில், எட்டுத் தூண், மேலை கோபுரம். இவையளுக்கு நாலு தடியோ?"

"மெல்லக் கதையுங்கோ."

மெல்லக் கதைத்து எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் ஹெர்மனின் தங்கை கையில் ஒரு வெள்ளைச் சால்வையோடு வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். ஓரங்களில் கறுப்புக் கோடு, நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட நூல். ஹெர்மன் தொழுகைக்குப் போர்க்கிற சால்வையாம் அது. மூலைகளைத் தடிகளில் கட்டிக்கொண்டே அந்தத் தங்கை எனக்கு விளக்கம் சொன்னார். இதுதான் அந்தப் பிள்ளைகளின் முதல் வீடு. அவர்களுடைய ஆதி மூதாதையின் கூடாரத்துக்கு நாலு பக்கமும் வாசலாம். எந்தத் திசையால் விருந்தாளி வந்தாலும் சுற்றிப் போகாமல் நேரே உள்ளே வரலாம். அதனால்தான் சுவர் இல்லை, பின்பக்கம் என்று ஒன்று இல்லை.

"தடியை எங்கை நடுறது?" என்று கேட்டேன்.

"நடுறவையும் இருக்கினம். நாங்கள் பிடிக்கிறனாங்கள்" என்றார்.

நாலு ஆண்கள் வந்து ஆளுக்கொரு தடியைப் பிடித்துத் தூக்கினார்கள். மூன்று பேர் இளந்தாரிகள், ஒருவர் எண்பது வயசுக்காரர். கடல் காற்று சால்வைக்குள் புகுந்து மேலே ஊத, நாலு பேரும் காலை ஊன்றிப் பிடித்தார்கள். பிடிக்கிறவர்கள் விட்டால் விழுந்துவிடுகிற வீடு! இதை நக்கலடிக்கத்தான் நான் வாயைத் திறந்தேன். சொல்லாமல் கமராவைத் தூக்கிச் சால்வையை எடுத்தேன்.

வீட்டு முன்னறையில் மாப்பிள்ளை யோனஸ் தன் கையாலேயே மிரியத்தின் முகத்தில் திரையைப் போட்டான். அதை நன்றாக எடுத்தேன். பிறகு அத்தைக்காரி அவளைக் கைபிடித்துச் சால்வைக்குக் கீழே கூட்டிவந்தார். அவள் நிற்கவில்லை. மாப்பிள்ளையைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எங்களுக்கு அக்கினியை மூன்று தரம் சுற்றினால் சரி. இவள் நிற்கவேயில்லை. நாலு, ஐந்து. வெள்ளை உடுப்பின் கரை இழுபட, ஒரு சொல்லும் இல்லாமல், கடல் பக்கம் போய், வீட்டுப் பக்கம் வந்து, ஏழு தரம். அவள் நடந்த இடத்தில் புல் படிந்து ஒரு வட்டம் தெரிந்தது. நாற்பது பேர் நின்ற அந்த வளவில் ஒரு இருமல்கூட இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினேழு வருஷத்தில் கலியாண வீட்டில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

அவர்களுடைய ஐயரை ரபி என்பார்கள். சிவத்த தாடி, நாற்பது வயசிருக்கும். ஒரு கிண்ணத்தில் வைனை எடுத்துச் சின்னக் குரலில் பாடினார். சரி, இது பிள்ளையார் பூசை, இனித்தான் எல்லாம் தொடங்கும் என்று நான் நினைத்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கமராவைத் திருப்பினேன். அந்த எண்பது வயசுக்காரரின் கை என் கண்ணில் பட்டது. தடியைப் பிடித்த விரல்கள் நடுங்கின. விரல் மொளி வெளிறிப்போயிருந்தது. அந்த நடுக்கம் தடி வழியாக ஏறிச் சால்வையின் மூலைநூலை ஆட்டியது. விடாமல் எடுத்தேன். மாப்பிள்ளை என்னவோ ஒரு வசனம் சொல்வது கேட்டது. ஐயர் சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறான், பாவம், என்று நினைத்தேன்.

பிறகு ரபி ஒரு பெரிய தாளை விரித்து நெடுநேரம் வாசித்தார். நான் தொப்பிகளை எடுத்தேன். பிறகு ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு ஆசி சொன்னார்கள், ஏழு ஆசி. நான் அத்தையின் கண்ணீரை எடுத்தேன். காது மட்டும் காத்துக்கொண்டே இருந்தது.

டக்கென்று ஒரு சத்தம்! துணியில் சுற்றியிருந்த கண்ணாடிக் கிளாஸை யோனஸ் காலால் மிதித்து உடைத்தான். "மஸல் தொவ்!" என்று வாழ்த்தி வளவே அதிர்ந்தது. வயலின் தொடங்கியது. இதுதான்! நான் மூன்று பேரைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, இருவருடைய கைகளுக்கும் நேரே கமராவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் காத்திருந்தேன். அவர்கள் சால்வையை விட்டு வெளியே நடந்தார்கள்.

"ராசமலர், மோதிரம் எப்ப போடுறது?"

"அது எப்பவோ போட்டாச்சே."

"எப்ப?"

"நீங்கள் அந்தக் கிழவன்ரை கையைப் படம் எடுக்கேக்கை. வலது கையிலை, சுட்டுவிரலிலை போட்டவர்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கள் அந்தப் பக்கத்தையும் எடுக்கிறியள் எண்டு நினைச்சன்."

"ஒரு மேளம் இல்லை, ஒரு மணி இல்லை, ஒரு கைதட்டுக்கூட இல்லை! இப்பிடியும் ஒரு கலியாணமோ? களவாய்க் கட்டுற மாதிரி!" நான் கத்தினேன். தமிழில் கத்தினபடியால் நாலு பேர் சிரித்துக்கொண்டு எனக்கும் "மஸல் தொவ்" சொன்னார்கள்.

ராசமலர் சிரிக்கவில்லை. "அந்த மனிசனுக்கு என்ன சொல்லப்போறியள்?" என்று மட்டும் கேட்டாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை விட்டுவிட்டு ஊரிலுள்ள தொப்பி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பொம்பிளையும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் ஒரு அறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். கலியாணம் முடிந்தவுடன் இருவரும் கொஞ்ச நேரம் தனியே இருக்க வேண்டுமாம். அன்றைக்கு முழுக்க விரதம் இருந்தவர்கள், முதல் வாய்ச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிடுவார்கள். கதவுக்கு வெளியே சாட்சிக்காரர் இரண்டு பேர் காவல். நானும் அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நிற்கும்போதே எனக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. இரண்டு நிமிஷ வேலை. மோதிரத்தைக் கழற்றி இன்னொருதரம் போடச் சொல்லி எடுத்து, வெட்டி ஒட்டினால் பிரம்மாவுக்கும் தெரியாது.

கதவு திறந்தது. நான் நடந்ததைச் சொன்னேன், வழியையும் சொன்னேன். யோனஸ் நல்ல பொடியன். "அதுக்கென்ன, செய்வம்" என்று உடனே சொன்னான்.

மிரியம் என்னைப் பார்த்தாள். "அப்பா உங்களிட்டை என்ன கேட்டவர்?"

"மோதிரம் போடேக்கை உங்கடை முகம்."

"இப்ப போட்டால் அது நடிக்கிற முகம்தானே. மற்றவையின்ரை கண்ணைப் பாத்தே சீவியம் நடத்தின மனுசன் அவர். பாத்த உடனை பிடிச்சிடுவார்." திரையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். கலியாணப் பொம்பிளையை அழவைத்துவிட்டு நின்றேன் நான். அப்போது வந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

சத்தம் கேட்டு ரபி வந்தார். அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "இவள் இப்ப அவனுக்கு மனுசி. மனுசியை இன்னொருக்கா எப்பிடி மனுசியாக்கிறது? அது ஒரு தரம்தான்." தாடியைத் தடவிக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஹெர்மன் இந்தக் கலியாணத்துக்கு வந்தவரோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வரேல்லை எண்டுதானே இவ்வளவு பாடும்!"

"அப்ப அவர் புதுமுகம்" என்றார் ரபி.

பிறகுதான் விளங்கப்படுத்தினார். கலியாணத்துக்குப் பின் ஏழு நாளும் அவர்களுக்குக் கொண்டாட்டம்தான். அந்த நாட்களில் ஒரு விருந்துக்கு, கலியாணத்தில் நிற்காத யாராவது ஒரு புது ஆள் வந்தால், அவருக்காகப் பந்தலுக்குக் கீழே சொன்ன ஏழு ஆசியையும் திரும்ப முதலிலிருந்து சொல்வார்கள். வந்தவருக்கு அன்றைக்குத்தான் கலியாணம் என்று கணக்கு. மோதிரம் திரும்ப வராது, ஆசி வரும். பாணும் வைனும் வேண்டும், யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும், அவ்வளவுதான்.

"வராத ஒரு ஆளுக்காகக் கலியாணத்தைத் திரும்பத் தொடங்குவியளோ?" என்றேன்.

"ஓம்" என்றார் அவர், கடைக்குப் போய் வருகிற விஷயம் மாதிரி.

எங்களுடைய சனம் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. வராதவர்களுக்கு நாங்கள் கசெற் அனுப்புகிறோம். இவர்கள் கலியாணத்தையே தூக்கிக்கொண்டு போகிறார்களா!

"ஆனால் ஆஸ்பத்திரியிலை விடுவினமோ?" என்று யோனஸ் கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது என்ரை வேலை" என்று சொல்லிவிட்டு ராகவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அங்கிள், உங்களுக்கு விசரோ? இது என்ரை வக்ட், என்ரை டியூட்டி நேரம். நோயாளியளுக்கு ஏதும் நடந்தால் நான்தான் பதில் சொல்லவேணும்."

"வார்டு முடிவிலை அந்தப் பெரிய பல்கனி சும்மாதானே கிடக்குது, பிள்ளை. ஒட்சிசன் சிலிண்டரைக் கட்டிலிலை கொழுவி நானே தள்ளிக்கொண்டு போறன். அரை மணித்தியாலம்."

"ஏலாது அங்கிள்."

"நீ பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக் கசெற் இன்னும் என்னட்டைத்தான் இருக்கு. நீ புட்டுக்கு அழுத இடமும் அதிலை இருக்கு."

"ஐயோ, அதை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ!" பிறகு குரல் மாறியது. "சரி. பத்துப் பேர். ஒராளும் கூடக்கூடாது. ஏழு மணிக்கு."

"பத்துப் பேர் விடுவினமாம்!" என்று நான் பெருமையாகக் கத்தினேன். ரபி பத்து ஆண்களைத் தெரிவு செய்தார். தடி பிடித்த நாலு பேர், யோனஸ், இன்னும் நாலு பேர், தன்னோடு பத்து. வெளிக்கிடும்போது நான் கமராப் பையைத் தூக்கினேன். மிரியம் அதில் கை வைத்தாள். "அதை விட்டிட்டு வாங்கோ" என்றாள். ராசமலரிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

வார்டு வாசலில் ராகவி நின்றாள். விரலை நீட்டி எண்ணினாள். "பதினொண்டு."

"என்ன பதினொண்டு? பத்து ஆம்பிளையள்!"

"பொம்பிளையும் ஒரு ஆள்தானே, அங்கிள்?"

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. மிரியத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை! கலியாணப் பொம்பிளையையே மறந்துபோன வீடியோக்காரனை யாராவது கண்டிருக்கிறீர்களா? ராகவியோடு சண்டைக்குப் போனேன். அவள் அசையவில்லை. பக்கத்து அறைகளில் நெஞ்சு வருத்தக்காரர் ஆறு பேர், பத்து என்று சொன்னது பத்துத்தான். அந்த எண்பது வயசுக்காரர் தானாகவே தொப்பியைக் கழற்றினார். "நான் கீழை இருக்கிறன். காலும் ஏலாது" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டுக்குள் போய்விட்டார்.

ஒன்பது ஆண்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாக. "என்னைச் சேருங்கோ. நானும் ஆம்பிளைதானே" என்று ரபியிடம் கெஞ்சினேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். "நீங்கள் வேறை வேலைக்கு வேணும். போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஹெர்மன் முழித்துக்கொண்டிருந்தார். தலையணையைச் சாய்த்து வைத்து, தலைமயிரை வாரி, எனக்காக ஆறு மணியிலிருந்து காத்திருந்திருக்கிறார். "கசெற் எங்கை?" என்றார்.

"பிழை விட்டிட்டன். மோதிரம் போட்டதை நான் எடுக்கேல்லை. மேளம் அடிப்பினம், அப்ப திரும்புவம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டிட்டன். எங்கடை கலியாணத்திலை அப்பிடித்தான். என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

அவர் கண்ணை மூடினார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு சின்னதாய்த் தலையை ஆட்டினார். நான் சிலிண்டரைக் கொழுவி, பிரேக்கை எடுத்துவிட்டுக் கட்டிலைத் திருப்பினேன்.

"எங்கை கொண்டு போறீங்கள்? ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரே இல்லையே."

நான் கட்டிலைப் பல்கனிப் பக்கம் தள்ளினேன்.

பல்கனிக் கதவு திறந்தது. ஏழு மணி ஆகியும் வெயில் அப்படியே நின்றது. ஒன்பது பேர் தொப்பியோடு எழுந்து நின்றார்கள். மேசையில் பின்னல் பாணும் ஒரு போத்தல் வைனும் இருந்தன. கலியாண உடுப்போடு மிரியம் ஓடிவந்து பந்தலில் கட்டியிருந்த அந்தச் சால்வையைத் தகப்பனின் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். அவர் அவளை அடியிலிருந்து முடிவரை பார்த்தார். ஆளுக்கு ஒரு துண்டு பாண் கொடுத்தார்கள். ஹெர்மன் தன் துண்டை வைனில் நனைத்து, ஒவ்வொரு பொருக்காக மெல்ல மெல்லச் சாப்பிட்டார்.

இனி ஆட்களை எண்ண வேண்டும். அவர்கள் மனிதரை ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டார்களாம். எண்ணினால் ஆகாது. எங்களிலும் பிள்ளைகளை எண்ணக்கூடாது என்று ஏசுவார்கள்தானே. அதற்குப் பதிலாகப் பத்துச் சொல் உள்ள ஒரு வேதவசனத்தைச் சொல்லிக்கொண்டு, ஒருவருக்கு ஒரு சொல்லாகப் போவார்கள். ரபி தன் நெஞ்சில் கை வைத்து முதற் சொல்லைச் சொன்னார். யோனஸுக்கு ஒரு சொல். தடி பிடித்த பொடியன்களுக்கு மூன்று. மற்ற நாலு பேருக்கும் நாலு. ஆட்கள் முடிந்துவிட்டார்கள். ஒரு சொல் மிச்சம்.

நான் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். என்னுடைய மடத்தனத்தால் இந்த மனிதருக்கு இதுவும் இல்லாமல் போகப்போகிறதே என்று நினைத்தேன்.

சப்பாத்துச் சத்தம் எனக்குக் கிட்ட வந்தது. ரபி கட்டிலடிக்கு வந்து, குனிந்து, ஹெர்மனின் சால்வைத் தோளில் கை வைத்துப் பத்தாவது சொல்லைச் சொன்னார்.

ஹெர்மன் திடுக்கிட்டார். "என்னையோ? நான் பாக்க வந்தவனெல்லோ."

"இல்லை. நீங்கள் இல்லாட்டி இதைத் தொடங்கவே ஏலாது" என்றார் ரபி.

எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கட்டிலை விட்டு இறங்க முடியாத மனிதரை நாங்கள் எல்லோரும் பாவம் பார்த்துக் கூட்டிவந்தோம் என்று நினைத்திருந்தேன். கடைசியில் அந்த ஒன்பது பேரும் அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றவர்கள். வாசலில் நின்ற ராகவி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆசிகள் தொடங்கின. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் சொன்னார்கள், மற்றவர்கள் "ஆமென்" என்றார்கள். ஆறு முடிந்ததும் ரபி புத்தகத்தை ஹெர்மனுக்கு முன்னால் பிடித்தார். ஏழாவதுதான் பெரியது, மகிழ்ச்சியையும் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் சொல்வது. ஹெர்மன் மூக்கிலிருந்த குழாயைத் தானே கழற்றினார். ராகவி ஓர் அடி முன்னால் வைத்தாள், பிறகு நின்றுவிட்டாள்.

அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சாக, மனப்பாடமாகச் சொன்னார். மிரியம் அழுதாள், சிரித்தாள், அவர் நிறுத்தி மூச்சு வாங்குகிற இடங்களில் அவளும் மூச்சை நிறுத்தினாள். அந்த முகத்தை நானும் பார்த்தேன். அது பின்னேரம் பந்தலுக்குக் கீழே இருந்த முகமா, வேறா என்று எனக்குத் தெரியாது. ஹெர்மனுக்குத் தெரிந்திருக்கும். கடைசிச் சொல்லை அவர் சொல்லி முடித்தபோது முதலில் "ஆமென்" என்றது மிரியம்தான். அவளோடு சேர்ந்து எல்லோரும் சொன்னார்கள், நானும் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.